வேலியில் ஒரு பொட்டு: எங்கள் தொடர்மாடி நிர்வாகக் குழுவுக்கும் வீட்டுக்காரருக்கும்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கும், 42 வீட்டுக்காரருக்கும்,

வணக்கம்.

நான் ஐந்தாம் மாடியில், கடல் பக்க வீட்டில் 9 வருடமாக வாடகைக்கு இருப்பவள். அடுத்த மாதம் நடக்கவிருக்கும் பொதுக்கூட்டம் வீட்டுச் சொந்தக்காரருக்கானது. அங்கே வந்து நான் பேச முடியாது. அதனால்தான் இந்த மடலை எழுதுகிறேன். ஒவ்வொரு வீட்டுக் கதவடியிலும் ஒரு பிரதி வைக்கிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அறிவித்தலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மாடிக்கு இரண்டு கமெரா பூட்டப்போகிறார்கள், அதற்காகப் பராமரிப்புக் கட்டணம் கூடும். வெளியாட்கள் கீழே முன்கூடத்தில் காத்திருக்கக் கூடாது. மொட்டைமாடி தொடர்ந்தும் பூட்டியே இருக்கும். "அண்மையில் நடந்த துயரச் சம்பவத்தைக் கருத்தில் கொண்டு" என்று காரணமும் போட்டிருக்கிறது.

அந்தச் சம்பவம் என்னுடைய மாடியில் நடந்தது. அங்கே தனியே இருக்கும் அன்ரி வெள்ளிக்கிழமை இரவு குளியலறையில் வழுக்கி விழுந்தார். ஞாயிறு காலை பத்து மணிக்குத்தான் கதவை உடைத்தார்கள். ரொறன்ரோவில் இருக்கும் மகள் சனிக்கிழமை முழுக்க அழைத்துப் பார்த்திருக்கிறார். பதில் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் சித்திக்குச் சொல்லி, சித்தி தெஹிவளையில் இருக்கும் பெறாமகனுக்குச் சொல்லி, அவர் ஓட்டோ பிடித்து வந்து சேர்ந்தார். இவ்வளவு தூரம் சுற்றித்தான் செய்தி எங்கள் மாடிக்கு வந்தது. நான் இரண்டு கதவு தள்ளி இருந்தேன்.

அதைவிடவும் ஒன்று இருக்கிறது. அன்ரி தினமும் காலை ஆறு மணிக்குச் சாமியறையில் மணி அடிப்பார். 9 வருடமாக நான் அந்த மணிக்குத்தான் எழும்புகிறேன். சனிக்கிழமை மணி கேட்கவில்லை. கேட்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. கோயிலுக்குப் போயிருப்பார், இல்லாவிட்டால் யாரும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணி போடப் போய்விட்டேன். ஞாயிறும் கேட்கவில்லை. அன்றைக்கும் போய்த் தட்டவில்லை. அன்ரி இப்போது இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பார்க்கப் போனபோது என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைக் கூப்பிட்டேன் பிள்ளை, கேட்டிருக்காது" என்றார். இதற்குப் பிறகு எனக்கு நிம்மதியான நித்திரை இல்லை.

என்னுடைய ஊர் சாவகச்சேரி. யாழ்ப்பாண மாவட்டத்துத் தென்மராட்சியின் நடுவில், கண்டி வீதியை ஒட்டிய சின்னப் பட்டினம். ஒரு சந்தை, ஒரு ரயில் நிலையம், ஒரு நகரசபை, கொஞ்சப் பள்ளிக்கூடங்கள், சுற்றிவரத் தென்னையும் மாவும் பலாவும். என்னுடைய சின்ன வயதில் அங்கே மனிதர்களைக் காதால் தெரிந்துகொண்டோம். விடிய ஐந்தரைக்கு மேற்குப் பக்கத்து வீட்டில் கிணற்றுக் கப்பி சத்தம் போடும். பிறகு தெற்குப் பக்கத்தில் முற்றம் கூட்டும் சத்தம். ஒருநாள் கப்பிச் சத்தம் வராவிட்டால் அம்மம்மா வேலியடிக்குப் போய், "என்ன, இன்னும் எழும்பவில்லையோ?" என்று கேட்பார். மறுமொழி வராவிட்டால் பொட்டால் புகுந்து போய்விடுவார்.

பொட்டு என்றால் நெற்றியில் வைக்கும் பொட்டு இல்லை. யாழ்ப்பாணப் பக்கத்தவருக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் வீட்டைச் சுற்றிக் கிளுவையும் பூவரசும் நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்து ஆள் உயரத்துக்கு மறைத்து வேலி கட்டுவோம். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. அவ்வளவு இறுக்கமான வேலி. ஆனால் பக்கத்து வீட்டோடு சேருமிடத்தில், குனிந்து ஒரு ஆள் போய்வரும் அளவுக்கு ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். அதுதான் பொட்டு. உப்பும் நெருப்பும் அதனால்தான் போகும், அப்பம் சுட்டால் அதனால்தான் வரும். இரண்டு வீட்டுக்கும் கோபம் என்றால் முதலில் பொட்டை அடைப்பார்கள். சமாதானம் ஆனால் முதலில் திறப்பதும் அதைத்தான். நான் கேட்பதெல்லாம் இந்தக் கட்டடத்துக்கு அப்படியொரு பொட்டு.

ஊரைப் பற்றிப் பேசும்போது 1995ஐச் சொல்லாமல் விட முடியாது. அப்போது எனக்கு 12 வயது. ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாண நகரம் இருக்கும் வலிகாமம் முழுவதும் எழும்பி எங்கள் பக்கம் வந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தால் நாலைந்து இலட்சம் சனம் நடந்து வந்தது. சைக்கிளில் கட்டிய மூட்டை, கதிரையில் வைத்துத் தூக்கிய கிழவர்கள், தண்ணீருக்கு அழும் குழந்தைகள். விடியக்காலையில் எங்கள் படலையடியில் ஆட்கள் நின்றார்கள், முன்பின் தெரியாதவர்கள். அம்மம்மா லாந்தரைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: "எத்தனை பேர்?"

மூன்று அறை வீட்டில் 43 பேர் இருந்தோம். யாருடைய பெயரையும் மூன்று நாள்வரை அம்மம்மா கேட்கவில்லை. முதலில் மலசலகூடத்துக்குக் குழி வெட்டினார்கள். பிறகு கிணற்றுக்கு முறை போட்டார்கள். குழந்தைகளுக்குக் கொதித்தாறிய தண்ணீர் தனிப் பானையில் இருக்கும், அதை யாரும் தொடக்கூடாது. கஞ்சி ஒரே கிடாரத்தில். கொக்குவிலில் இருந்து வந்த ஒரு குடும்பம் எங்கள் மாலில், அதாவது வீட்டோடு இருந்த கொட்டிலில், 1996 சித்திரை வரை இருந்தது. அந்த வீட்டு அம்மா தையல்காரி. எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளின் கிழிந்த உடுப்பெல்லாம் அவருடைய கையால்தான் தைபட்டது.

ஊரில் எல்லாம் நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. அங்கே ஒரு பெண்பிள்ளை யாரோடு சைக்கிளில் போனாள் என்பது பின்னேரத்துக்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிடும். கொழும்புக்கு வந்துதான் நான் மூச்சு விட்டேன். அதைவிடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டுக் கோடிப்புறத்தில் ஒரு தனிப் பேணி கவிழ்த்து வைத்திருக்கும். வேலைக்கு வரும் சிலருக்கு அதில்தான் தண்ணீர். அந்த ஆறு மாதமும் 43 பேருக்குப் பேணி போதாததால் அந்தப் பேணியும் உள்ளே வந்தது, எல்லாரும் அதில் குடித்தார்கள். எங்கள் கிணற்றில் யார் அள்ளுவது என்று சொந்தக்காரர் ஒருவர் கதை எடுத்தபோது அம்மம்மா அவரை வாயடைத்து அனுப்பினார். ஆனால் வந்தவர்கள் திரும்பிப் போன பிறகு, ஒருநாள் அந்தப் பேணி பழைய இடத்தில் மறுபடி கவிழ்த்து இருந்தது. வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை. என்னுடைய அம்மம்மாதான். அவர் மீது எனக்கு உள்ள அன்பு குறையவில்லை, அந்தக் காட்சியும் மறையவில்லை. ஆகவே பொட்டு என்று நான் கேட்கும்போது, எங்கள் ஊர் வேலியில் இருந்ததைவிடக் கொஞ்சம் அகலமான பொட்டைத்தான் கேட்கிறேன்.

2000ஆம் ஆண்டு எங்களுடைய முறை வந்தது. ஏப்ரலில் ஆனையிறவு இராணுவ முகாம் விழுந்தது, மே மாதத்தில் சண்டை சாவகச்சேரிக்குள் வந்தது. உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். எங்கே போவதென்று அப்பா யோசிக்கவே இல்லை, நேரே கொக்குவிலுக்குச் சைக்கிளைத் திருப்பினார். அந்தத் தையல்கார அம்மா படலையைத் திறந்துவிட்டு, உள்ளே பார்த்து, "ஏழு பேர், அரிசி கூடப் போடு" என்று மகளுக்குச் சத்தம் போட்டார். பெயர் கேட்கத் தேவை இருக்கவில்லை.

திரும்பிப் போய்ப் பார்த்தபோது பட்டினமே தரையோடு தரையாகக் கிடந்தது. சந்தை இல்லை. எங்கள் வீட்டில் கூரை இல்லை. தென்னைகள் தலை அறுந்து நின்றன. பின்வளவில் பலாமரம் மட்டும் ஒரு பக்கக் கொப்பை இழந்து, அடிமரத்தில் செல் துண்டுகளோடு நின்றது.

இனி வெள்ளவத்தைக்கு வருகிறேன். இந்த இடத்தைக் குட்டி யாழ்ப்பாணம் என்கிறார்கள். எங்கள் கட்டடத்தில் நெல்லியடி இருக்கிறது, மானிப்பாய் இருக்கிறது, பருத்தித்துறை, கல்முனை, மூதூர், ஹட்டன் எல்லாம் இருக்கின்றன. இரண்டாம் மாடியில் தங்காலைக் குடும்பம். கீழே வாசலில் இருக்கும் காவலாளி ஐயா மொனராகலைக்காரர். ஏறத்தாழ எல்லாரும் சின்ன ஊர்களிலிருந்து வந்தவர்கள், பக்கத்து வீட்டுக் கப்பிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள். அப்படியிருந்தும் லிஃப்டுக்குள் ஆளை ஆள் பாராமல் இலக்கப் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். நானும்தான்.

எங்களுக்குக் கதவைத் திறக்கத் தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. நான் 2002இல், யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 பாதை திறந்த கையோடு இங்கே வந்தேன். 2006இல் பாதை திரும்பவும் மூடப்பட்டது, அதன் பிறகு வந்த இரவுகளில் கதவு தட்டும் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. பொலிஸ் பதிவு இருக்கிறதா, ஏன் வந்தீர்கள், எப்போது போவீர்கள்? 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 300க்கும் மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது. ஆனால் அந்த ஓர் இரவு போதும். அன்று நான் ஒரு வாடகை அறையில் விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருந்தேன். இன்றைக்கும் இரவில் மணி அடித்தால் என்னுடைய கை முதலில் விளக்கைத்தான் அணைக்கப் போகிறது. எங்களுக்குள் மூத்தவர்களுக்கு தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரம் நினைவிருக்கும். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தவர்களைப் பார்த்த கண்கள் அவை. பெயரும் இலக்கமும் எழுதித் தரச் சொன்னால் அவர்கள் பயப்படுவதில் பிழையில்லை.

ஆனால் அதே மூத்தவர்களிடம் இன்னொரு கதையும் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள். அந்த ஜூலையில் பலரை வீட்டுக்குள் மறைத்து வைத்துக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும்தான். முதல் நாள்வரை மதிலுக்கு மேலால் கதைத்துக்கொண்டிருந்த ஆட்கள். மதிலுக்கு மேலால் கதைத்தபடியால் திறந்த கதவுகள் அவை.

இந்தக் கட்டடத்தாலும் அது முடியும் என்பதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். 2022இன் பொருளாதார நெருக்கடியை நினைத்துப் பாருங்கள். மார்ச் கடைசியில் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை, மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. காஸ் சிலிண்டருக்கு விடிய விடிய வரிசை. ஊரில் என்றால் காய்ந்த பாளையும் பொச்சும் பொறுக்கி அடுப்பு மூட்டியிருப்போம், ஆறு மாடிக்கு மேல் எங்கே போவது? அப்போது காவலாளி ஐயா கல்லு மூன்று வைத்து மொட்டைமாடியில் அடுப்பு மூட்டிக் காட்டினார். முதல் நாள் இரண்டு வீடு. ஒரு கிழமையில் பதினொரு வீடு. தங்காலை அக்கா மாலு மிரிஸ் போட்டு வைத்த மீன் குழம்பும், ஹட்டன் வீட்டு ரொட்டியும், எங்கள் ஒடியல் கூழும் ஒரே சுவரோரத்தில் வரிசையாக ஆறிக்கொண்டிருந்தன. அன்ரி அங்கே ஒரு கதிரையில் இருந்து தேங்காய் துருவுவார். அவருக்குச் சீனி வருத்தம் என்பதும், ஒரு காதால்தான் நன்றாகக் கேட்கும் என்பதும், மகளின் பெயரும் எனக்கு அங்கேதான் தெரிய வந்தது. பிறகு காஸ் வந்தது. ஒவ்வொருவராக இறங்கினோம். கரி படிகிறது என்று மொட்டைமாடி பூட்டப்பட்டது. மூன்று வருடத்தில் நான் அன்ரியின் வீட்டுக்குள் போனது இரண்டே தடவை.

காவலாளி ஐயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்ரி தினமும் ஏழு மணிக்குக் கீழே இறங்கி அவருடைய மேசையில் பத்திரிகை எடுப்பார். அந்தச் சனிக்கிழமை பத்திரிகை மேசையிலேயே கிடந்தது. ஐயா அதைக் கவனித்தார். மத்தியானம் மறுபடி பார்த்தார். ஆனால் காவலாளி வீடுகளுக்குப் போய்க் கதவைத் தட்டக்கூடாது என்று போன வருடத்து அறிவித்தல் ஒன்று இருக்கிறது. வேலை போய்விடும் என்று பயந்து போகவில்லை. என்னிடம் அதைச் சொல்லும்போது அழுதார். கமெரா எந்தப் பக்கம் பூட்டினாலும் இந்த மனிதரைவிட நன்றாகப் பார்க்காது. பார்த்தவரை நடக்க விடாமல் செய்தது எங்கள் விதி.

என்னுடைய கோரிக்கைகள் பெரியவை இல்லை. கமெரா வேண்டுமென்று பொதுக்கூட்டம் நினைத்தால் பூட்டுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தப் பழைய விதியை முதலில் எடுத்துவிடுங்கள். வழக்கமாக வரும் ஆள் வராவிட்டால் போய்க் கதவைத் தட்டுவது காவலாளியின் கடமை என்று எழுத்தில் கொடுங்கள். கீழ் முன்கூடத்தில் ஒரு வாங்கு போடுங்கள். லிஃப்ட் வரும்வரை மூட்டு வலியோடு நிற்கும் ஆட்கள் இங்கே பலர். இருந்தால் நாலு வார்த்தை கதைப்பார்கள்.

மொட்டைமாடியைப் பின்னேரம் நாலிலிருந்து ஏழு வரையாவது திறந்துவிடுங்கள். கூரை, படிக்கட்டு, முன்கூடம் போன்ற பொது இடங்களில் எல்லா வீட்டுச் சொந்தக்காரருக்கும் பங்கு உண்டு என்பதுதான் 1973இல் வந்த தொடர்மாடி வீட்டுரிமைச் சட்டம் சொல்வதும். அந்தப் பங்கு இப்போது ஒரு பூட்டுக்குள் இருக்கிறது.

பட்டியல் எதுவும் நான் கேட்கவில்லை. படிவமும் வேண்டாம். ஒவ்வொரு வீடும் தனக்குப் பிடித்த இன்னொரு வீட்டைத் தெரிவு செய்யட்டும், ஒரே மாடியாக இருந்தால் நல்லது. வெளிநாட்டுப் பிள்ளையின் தொலைபேசி இலக்கமும் ஒரு உதிரித் திறப்பும் அந்த ஒரு வீட்டில் மட்டும் இருக்கட்டும். நிர்வாகத்திடம் இருக்கத் தேவையில்லை. வாடகைக்காரரும் இதில் சேரலாம் என்று மட்டும் சொல்லுங்கள். பாதிக் கதவுகளுக்குப் பின்னால் இருப்பவர்கள் நாங்கள்தான்.

சாவு வீட்டைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஊரில் நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகவேண்டும் என்பார்கள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயலட்டைதான் சாப்பாடு கொண்டுபோகும். போன ஆனியில் நாலாம் மாடி அங்கிள் காலமானார். பெட்டி லிஃப்டுக்குள் பிடிக்காது என்று உடலை நேரே மலர்ச்சாலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் வீட்டு அம்மா இரவு தனியே வந்து தன்னுடைய அடுப்பைத் தானே மூட்டித் தேத்தண்ணி போட்டிருக்கிறார். எங்களில் பலருக்கு விடயம் தெரியவந்ததே மூன்றாம் நாள், வட்ஸ்அப்பில் வந்த படத்தால்.

அன்ரி அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறார். மகள் ரொறன்ரோவிலிருந்து வந்து மூன்று கிழமை நிற்பார், பிறகு போய்விடுவார். அன்ரியின் உதிரித் திறப்பு என்னிடம் இருக்கும். மகளோடு கதைத்துவிட்டேன். காலையில் ஆறு ஐந்துக்கு மணி கேட்காவிட்டால் ஆறு பத்துக்கு நான் உள்ளே இருப்பேன். நான் ஊருக்குப் போகும் நாட்களில் எங்கள் மாடியில் வேறு யாராவது இதைச் செய்ய வேண்டும். யார் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. எங்கள் பலாமரம் இன்னும் காய்க்கிறது. ஒரு பழம் வெள்ளிக்கிழமை இரவு யாழ்ப்பாண பஸ்ஸில் வைத்து அனுப்புவதாகத் தம்பி சொன்னான், பதினைந்து கிலோவுக்குக் குறையாதாம். இங்கே சந்தையில் சுளை சுளையாகப் பையில் கட்டி விற்கிறார்கள், தனி ஆள் வாங்க அது வசதி. ஆனால் முழுப் பழத்தை ஒரு வீட்டால் தின்று முடிக்க முடியாது. ஊரில் பலாப்பழம் வெட்டினால் பொட்டால் நாலு வீட்டுக்குக் கோப்பை போகும், வெறும் கோப்பை திரும்பி வராது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு வெட்டலாம் என்றிருக்கிறேன். கத்தியும் தேங்காயெண்ணெயும் பழைய பேப்பரும் நான் கொண்டுவருகிறேன். நிர்வாகக் குழு மொட்டைமாடித் திறப்பை அன்று இரண்டு மணித்தியாலத்துக்குத் தந்தால் போதும், கூட்டிக் கழுவித் திரும்பத் தருவேன். தர முடியாவிட்டால் ஐந்தாம் மாடி நடையில், அன்ரியின் கதவுக்கு முன்னால் பேப்பரை விரித்து வெட்டுகிறேன். கோப்பையோடு வாருங்கள்.

இப்படிக்கு,
ஐந்தாம் மாடி, கடல் பக்க வீட்டுக்காரி
வெள்ளவத்தை, கொழும்பு 6